படலையில் நின்றவனைக் கிணற்றில் இறக்கியது நான்தான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னத்தைச் சாதித்தான் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிகாமத்தில் பதினெட்டுக் கிணறு வெட்டினேன், ஒன்றின் தண்ணீர்கூட உவர்க்கவில்லை. பாம்புக் காணி என்று மற்றவர்கள் கழித்துவிட்ட நிலத்தைச் சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் வாங்கி, மா அரைக்கும் ஆலை போட்டேன். சீமெந்துக்குத் தடை வந்த காலத்தில் சுண்ணாம்பையும் களிமண்ணையும் குழைத்து அதே ஆலைக்கு இன்னோர் அறை எழுப்பினேன். பொம்பர் போட்ட குண்டில் பக்கத்துக் கட்டடத்தின் சீமெந்துச் சுவர் பிளந்தது; என் சுவர் நின்றது. டீசல் இல்லாத நாளில் எஞ்சினுக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் குடிக்கப் பழக்கினேன். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தையும் யாரோ கழித்துப்போட்ட டைனமோவையும் கூட்டி ஒரு மின்பிறப்பாக்கி செய்தேன். படித்த பொறியியலாளர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, இது ஓடாது என்றார். அவர் அதைச் சொல்லும்போது அது ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் ஊரில் எனக்குப் பெயர் உண்டு. இன்னும் ஒன்று கட்டினேன். ஒரு நாவலின் முடிவு. அதற்கு மட்டும் என் பெயர் இல்லை. அந்தக் கதையை இன்று எழுதுகிறேன். எழுதும்போதும் நாலு தரம் எழுந்து நடந்துவிட்டேன். இருந்து எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

அந்த நாவல் கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. தென்மராட்சியில் ஒருத்தி. அவள் கணவன் வீட்டு வளவில் ஒரு கிணறு வெட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, வல்வெட்டித்துறையில் வத்தை என்ற பாய்ப்படகில் ஏறிப் போய்விடுகிறான். "வந்து முடிக்கிறன்" என்று சொல்லிப் போனவன் வரவில்லை. அவள் தானே கிணற்றுக்குள் இறங்கி வெட்டுகிறாள். ஊர் சிரிக்கிறது. அவள் வெட்டுகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் அதை வாசித்த சனம் அவளைத் தங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்காரி மாதிரியே கதைத்தது.

ஆலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தா. வாரம் தவறாமல் அந்தப் பக்கங்களை வெட்டி, மட்டை வைத்து நூலால் தைத்து, புத்தகமாக்கி வைத்திருந்தா. அந்தப் புத்தகம் ஆலைக்கு வந்ததற்குக் காரணம் நான். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். எஞ்சினை ஒரு தரம் இயக்கினால் முப்பது கொத்தாவது அரைக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் வீண். ஆகவே முப்பது கொத்து அரிசி சேரும்வரை சனம் வாங்குப் பலகையில் காத்திருக்கும். சும்மா இருக்கும் சனம் சண்டை பிடிக்கும். "ரீச்சர், உங்கடை புத்தகத்தைக் கொண்டுவந்து வாசியுங்கோவன்" என்றேன். அவ வாசிக்கத் தொடங்கினா. பிறகு முப்பது கொத்துச் சேர்ந்த பின்னும், "பொறுங்கோ முதலாளி, எஞ்சினைத் தொடாதேங்கோ" என்று பத்துக் கை எழும்பும். அரைக்க அரிசி இல்லாதவர்களும் வெறும் ஓலைக் கடகத்தோடு வந்து இருந்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு கொழும்புப் பாதை பூட்டியது. பத்திரிகை வருவது நின்றது. கடைசியாக வந்த அத்தியாயம் எப்படி முடிந்தது தெரியுமா? மழை. பொழுதுபட்ட செக்கல் நேரம். வளவின் வேலிப் படலையடியில் ஒருவன் நின்று அவளைக் கூப்பிடுகிறான். கணவன் மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரால் கூப்பிடுகிறான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். தொடரும்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த மனிதன் படலையில் நின்றான். ரீச்சர் புத்தகத்தை முதலிலிருந்து மூன்று தரம் வாசித்துவிட்டா. மூன்று தரமும் அவன் அதே இடத்தில் வந்து நின்றான். சனத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு அதைவிட. பாதியில் நிற்கும் வேலையைப் பார்த்துக்கொண்டு நான் இருந்ததில்லை.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, சந்தையடியில் இடியப்பம் அவித்து விற்ற ஒரு பெண் இருந்தாள். ஒன்றைவிட்டொரு நாள் மா அரைக்க வருவாள். அவள் கணவன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. படகும் வரவில்லை, உடலும் வரவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை. அவள் அதைப் பற்றிக் கதைக்க மாட்டாள். வந்ததும் ஒன்று மட்டும் கேட்பாள்.

"அண்ணை, மிச்சம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

ஒரு வருடம் இதையே சொன்னேன். ஒரு நாள் அவள் கேட்டபோது என் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"தெரிஞ்சுபோச்சுப் பிள்ளை."

வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"எப்பிடித் தம்பி?" என்று ரீச்சர் கேட்டா.

"முந்தநாள் கிளாலிக் கடலாலை ஒருத்தன் வந்தவன் ரீச்சர். கொழும்பிலை அந்தப் பேப்பர் வாசிச்சவன். முழுக்கச் சொன்னவன்."

"பேப்பரைக் கொண்டு வரேல்லையோ?"

"உயிரைக் கொண்டு கரைசேர்ந்ததே பெரிய காரியம். பேப்பரோ கேக்கிறியள்?"

எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் எப்போதும் என்னைச் சீண்டுவதற்கென்றே வருபவர். அவர் வாங்கின் நுனிக்கு வந்தார். "முதலாளி, வளைச்சுச் சுத்தாமல் சொல்லுங்கோ. படலையிலை நிக்கிறவன் ஆர்?"

"புருஷன்தான்."

குருநகர்ப் பெண் கடகத்தைக் கீழே வைத்தாள்.

அதற்குமேல் வாயை நிறுத்த முடியாது. சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது, கிணற்றில் ஊற்று எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்கிறார்கள்? அவள் விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்க்கிறாள். "என்னைத் தெரியேல்லையோ?" என்கிறான் அவன். "தெரியுது. கிணறு முடியேல்லை" என்கிறாள் அவள். படலையைத் திறக்கிறாள், வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. கடப்பாரையை, எங்கள் பேச்சில் அலவாங்கை, எடுத்து வந்து அவன் கையில் கொடுக்கிறாள். அவன் கிணற்றில் இறங்குகிறான். மூன்று நாள் கல்லுடைக்கிறான்; அவள் மேலே நின்று கயிறு பிடிக்கிறாள். மூன்றாம் நாள் ஊற்றுக் கண் திறக்கிறது. முதல் வாளித் தண்ணீரை அவள் மேலே இழுத்து, அவனுக்கும் கொடுக்காமல், தானும் குடிக்காமல், சூடேறிக் கிடந்த அலவாங்கின்மேல் ஊற்றுகிறாள். இரண்டாம் வாளி அவனுக்கு. பிறகுதான் வீட்டுக் கதவு திறக்கிறது.



"அப்ப கன்னத்திலை ஒரு அறைகூட விடேல்லையோ?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "இத்தினை வருஷம் விட்டிட்டுப் போனவனுக்கு?"

"மூண்டு நாள் கல்லு உடைச்சது போதாதோ?" என்றாள் குருநகர்ப் பெண். "காணும்."

அன்று எஞ்சின் வழக்கத்தைவிட நன்றாக ஓடியது என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமை போகவில்லை. சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் முடிவை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாளை ஏழு நாள் ஆக்கியிருந்தார். "மூண்டு நாள்தான்" என்றேன். "உமக்குத் தெரியாட்டி வாயை மூடும். நான் நல்ல இடத்திலை கேட்டனான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அதிகம் நடந்ததில்லை.

அடுத்த வருடம்தான் அந்தச் செய்தி வந்தது. நாவலைப் படமாக எடுக்கப் போகிறார்களாம். கலியாண வீடுகளில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எடுக்கிறாராம். எழுத்தாளர் அதற்குள் கனடா போய்விட்டிருந்தார். ஆள்விட்டுக் கேட்டு அனுமதிக் கடிதம் எடுத்திருக்கிறார்கள். "தாராளமாக எடுங்கள். என்னிடம்தான் ஒரு பிரதியும் இல்லை" என்று எழுதியிருந்தாராம். ஆகவே படத்துக்கு மூலம் ரீச்சரின் தையல் புத்தகம். முடிவுக்கு மூலம் ஊர் வாய். அதாவது நான்.

அந்த மாதங்களில் சனம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை, ஆகாயத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. இவற்றுக்கு நடுவில் ஆளாளுக்கு ஒரே கேள்வி, அவளாக நடிக்கப் போவது யார்? யாழ்ப்பாணத்து நாடகக்காரப் பெண் ஒருத்தியைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெண் பார்க்கப் போவதுபோலக் கூட்டம் போனது. "கண் சரி. கை காணாது. உந்தக் கையோ கிணறு வெட்டுற கை?" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். மூன்றாம் அத்தியாயத்தில் வரும் விளக்கு தங்கள் வீட்டில் இருக்கிறது என்று பதினொரு பேர் பதினொரு விளக்கோடு வந்தார்கள். பதினொன்றும் பதினொரு மாதிரி. "கதையிலை வாற விளக்கு இதுதான், சத்தியம்" என்று ஒருவர் அழாக்குறையாக நின்றார். வல்வெட்டித்துறையிலிருந்து மூன்று பழைய கடலோடிகள் சைக்கிளில் வந்து, வத்தைக்குப் பாய் கட்டும் முடிச்சு எப்படி என்று இயக்குநருக்குக் காட்டினார்கள். அவர் அதைத் தானே ஒரு தரம் போட்டுக் காட்டும்வரை போகமாட்டோம் என்று வளவில் குந்திவிட்டார்கள்.

படப்பிடிப்பு நடந்த வளவு ஆலையிலிருந்து கூப்பிடு தொலைவு. கமெராவின் பற்றரிக்கு என் மின்பிறப்பாக்கிதான் உயிர் கொடுத்தது. பற்றரி கொண்டுபோகும் சாட்டில் நான் நாளுக்கு ஐந்து தரம் அங்கே போய்விடுவேன். வேலிக்கு வெளியே எப்போதும் நூறு பேர். எல்லோரும் ஆலையில் மூன்று தரம் கேட்டவர்கள், வசனம் மனப்பாடம். நடிகை ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் வேலி கத்தும்.

"'வருவார்' இல்லைப் பிள்ளை, 'வராமல் விடமாட்டார்'!"

"சனம் கத்தினால் எப்பிடிச் சத்தம் பிடிக்கிறது?" என்று இயக்குநர் தலையில் கைவைப்பார்.

"சரியாய்ச் சொன்னால் நாங்கள் ஏன் கத்துறம்?"

நான் இயக்குநரை விடமாட்டேன். "தம்பி, கடைசிக் காட்சி எப்ப?"

"அண்ணை, இன்னும் அவன் வத்தையே ஏறேல்லை."

"அலவாங்கு பிடிக்கிற பிடி ஒண்டிருக்கு. நடிக்கிறவனுக்கு நான் காட்ட வேணும்."

"காட்டுங்கோ. முதல் பற்றரியைத் தாங்கோ."

எனக்கு உறக்கம் குறைந்தது. வெளியில் சொல்ல முடியாத சந்தோசம் வயிற்றுக்கடுப்பு மாதிரி. என் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. ஊரே காத்திருக்கும் காட்சி என் வாயில் பிறந்தது. படம் முடியட்டும், பிறகு மெல்ல, ஒரு பகிடி மாதிரி, "அது நான் சொன்னதுதான்" என்று வெளிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

அந்தத் திட்டத்தில் மண் விழுந்தது. அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போய் வந்த ஒரு கிளாக்கர், தன் பழைய ரீச்சருக்கென்று மூன்று பத்திரிகைத் துண்டுகளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நாவலின் கடைசி மூன்று அத்தியாயம்.

விடிந்ததும் விடியாததுமாக ரீச்சர் ஆலைக்கு வந்தா. தனியாக.

"தம்பி, உமக்கு முடிவு சொன்ன ஆள் ஆர்?"

"கிளாலியாலை வந்தவன்."

"பேர்?"

"கேக்கேல்லை ரீச்சர்."

"நாப்பது வருஷம் படிப்பிச்சனான். பொய் சொல்லுற பிள்ளை தன்ரை காலைத்தான் பாக்கும். நீரும் காலைத்தான் பாக்கிறீர்."

பிறகு அவ அதை எனக்கு வாசித்துக் காட்டினா. படலையில் நிற்பவன் கணவன் அல்ல. அவனோடு வத்தையில் போன கூட்டாளி. செல்லப் பெயரைக் கணவன்தான் சாகுமுன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கூட்டாளி ஒரு துணிப்பையைக் கொடுக்கிறான். அவள் அதை வாங்குகிறாள், விளக்கை ஊதி அணைக்கிறாள், அடுத்த நாள் காலை வழக்கம்போலக் கிணற்றில் இறங்குகிறாள். அவ்வளவுதான்.

நல்ல எழுத்து. பொய் சொல்லமாட்டேன், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். ஆனால் என் முடிவு அதற்குக் குறைந்ததில்லை. இன்றும் அதையே சொல்வேன்.

"நான் இதை மறைக்கமாட்டன் தம்பி," என்றா ரீச்சர். "இயக்குநருக்குக் குடுக்க வேணும். அதுக்கு முதல் வாங்கிலை இருந்து கேட்ட சனத்துக்கு வாசிக்க வேணும். காத்திருந்தது அவை."

அன்று முப்பது கொத்துச் சேர்ந்து அறுபதாகியும் எஞ்சின் ஓடவில்லை. இயக்குநரும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். ரீச்சர் வாசித்து முடித்தா. குருநகர்ப் பெண் மடியில் இருந்த அரிசியைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஒரேயடியாக எல்லோரும்.

"இவ்வளவு காலம் பாத்திருந்தது ஒரு துணிப்பைக்கோ?"

"உது ஆரோ கள்ளமாய் எழுதினது!"

"அச்சிலையெல்லோ கிடக்கு."

"அச்சிலை கிடந்தால்? பேப்பரிலை வாறதெல்லாம் உண்மையெண்டால் நாங்கள் எல்லாரும் எப்பவோ செத்திருக்க வேணும்!"

சிரிப்பு அடங்கியதும் சைக்கிள் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்ப முதலாளி, உங்களுக்குச் சொன்னவன் என்னத்தை வாசிச்சவன்?"

அத்தனை முகமும் என்மேல். ஆலைக்காரனுக்கு எஞ்சினைவிடப் பெரிய மூலதனம் நம்பிக்கை. சனம் அரிசியைத் தந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்வரும். வந்து மாவை அளந்து பார்க்காது. கதையில் பொய் சொன்னவன் மாவிலும் சொல்வான் என்று சைக்கிள் கடைக்காரரின் வாய் ஒரு தரம் சொன்னால் போதும், பதினெட்டுக் கிணறும் எனக்குத் துணை வராது. நான் காலைப் பார்க்காமல், ரீச்சரையும் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

"எழுத்தாளர் முதல் எழுதினது நான் சொன்னதுதானாம். பேப்பர்க்காரர்தான் பேந்து மாத்திப்போட்டினமாம். வந்தவன் அதையும் சொன்னவன்."

"பாத்தியளே!" என்றது வாங்கு.

ரீச்சர் துண்டுகளை மடித்தா. என்னைப் பொய்யன் என்று அங்கேயே சொல்லியிருந்தால் நல்லது.

பின்னேரம் இயக்குநர் வந்தார். எஞ்சினுக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, நான் விசரனில்லை. உது பேப்பர்க்காரர் மாத்தினதில்லை. உங்கடைதானே?"

நான் எஞ்சின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே இறுக்கமாக இருந்தது.

"உங்கடை எண்டால் சொல்லுங்கோ. உங்கடை முடிவைத்தான் எடுக்கப் போறன், சனம் வேறை எதையும் விடாது. ஆனால் உங்கடை பேரைப் போட வேணும். 'முடிவு' எண்டு தனியாய்ப் போடுறன். திரை முழுக்க."

திரை முழுக்க. அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு விட்டவனின் பெயர், திரை முழுக்க. வாயைத் திறந்தேன். வெளியே சைக்கிள் கடைக்காரர் யாருக்கோ காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"நான் சொன்னனெல்லோ தம்பி. வந்தவன் சொன்னது."

"கடைசியாய்க் கேக்கிறன்."

"என்ரை இல்லை."

அவர் போன பிறகு ஆலைக்குள் எத்தனை தரம் நடந்திருப்பேன் என்று தெரியாது. பின்னால் ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தரம் படிவரை போனேன்.

கடைசிக் காட்சியை மூன்று நாளில் எடுத்தார்கள். மூன்று நாளும் நான் கிணற்று விளிம்பில் நின்றேன். நடிகனுக்கு அலவாங்கு பிடிக்கத் தெரியாது. உலக்கை மாதிரிப் பிடித்தான். நான் உள்ளே இறங்கி, கல்லின் நரம்பு பார்த்து எப்படிக் குத்துவது என்று காட்டினேன். "அண்ணை, நீங்களே நடியுங்கோவன்" என்று வேலியிலிருந்து ஒரு குரல். "தலைமயிர் காணாது!" என்று இன்னொன்று.

படத்தை ஒரு வாசிகசாலை மண்டபத்தில் போட்டார்கள். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. யன்னலெல்லாம் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தது. உள்ளே போக ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெய். அந்த எண்ணெயில் என் மின்பிறப்பாக்கி வெளியே ஓடியது. நான் அதற்கும் மண்டபத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்கு மட்டும் உள்ளே வந்து சுவரோடு நின்றேன். படலையில் மனிதன். விளக்கு. "என்னைத் தெரியேல்லையோ?" நடிகை வாய் திறக்குமுன் முழு மண்டபமும் சொன்னது:

"தெரியுது. கிணறு முடியேல்லை!"

நான் யன்னல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். கிணறு வெட்டும்போது கயிறு அறுந்து ஒரு தரம் விழுந்திருக்கிறேன். அப்போதும் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பிறகு பெயர்கள் ஓடின. கதை, எழுத்தாளர் பெயர், பெரிதாக. நடித்தவர்கள், சீலை தந்தவர்கள், விளக்குத் தந்தவர்கள் பதினொரு பேரும். எல்லாம் போய்க் கடைசிக்கு முந்திய வரியில்: மின்பிறப்பாக்கி உதவி. அங்கே என் பெயர்.

சனம் வெளியே போய்க்கொண்டிருந்தது. குருநகர்ப் பெண் மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, முதல் தண்ணியை அலவாங்கிலை ஊத்துறது ஆரின்ரை வழக்கம்?"

"கதையிலை வாறதுதானே."

"எழுத்தாளருக்கு அலவாங்கே தெரியாது அண்ணை. துவக்கத்திலையிருந்து அவளை மண்வெட்டியோடைதான் இறக்கினவர். ரீச்சர் மூண்டு தரம் வாசிச்சவ, நானும் மூண்டு தரம் கேட்டனான். அலவாங்கு வந்தது நீங்கள் சொன்ன அண்டைக்குத்தான். நீங்கள்தானே ஆலைக் கிணறு வெட்டின கதை சொல்லேக்கை, எங்கடை கிணறு வெட்டுற கூட்டம் முதல் வாளியை அலவாங்கிலைதான் ஊத்தும் எண்டு சொன்னனீங்கள்?"

நான் எஞ்சினை நிற்பாட்டினேன்.

"உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"பின்னை ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எனக்கு அந்த முடிவு வேணுமாயிருந்தது" என்றாள். போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொண்ணூற்றைந்தின் பெரிய இடப்பெயர்வும் அதன் பின் வந்தவையும் எங்களைச் சிதறடித்தன. ரீச்சரின் தையல் புத்தகமும் அந்த மூன்று துண்டுகளும் போன இடம் தெரியாது. ரீச்சரும் இன்று இல்லை. குருநகர்ப் பெண் மன்னார்ப் பக்கம் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவளைத் தேடச் சொல்லி மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அந்த நாவல் கனடாவில் புத்தகமாக வந்தது. எனக்கு ஒருவர் அனுப்பினார். கடைசி மூன்று அத்தியாயத்தையும் ஒரு சொல்லும் விடாமல் ஒன்பது பின்னேரம் வாசித்தேன். துணிப்பை இல்லை. கூட்டாளி இல்லை. கணவன் வருகிறான். அலவாங்கு. மூன்று நாள். முதல் வாளி அலவாங்குக்கு. எழுத்தாளர் தான் எழுதியதை மறந்தாரா, கையில் பிரதி இல்லாமல் படத்தைப் பார்த்து எழுதினாரா, எங்கள் முடிவு அவருக்கும் பிடித்துப்போனதா, எனக்குத் தெரியாது. முன்னுரையில் "யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். வாசகர்கள் அலவாங்கு செய்யவில்லை. முன் அத்தியாயங்களையும் புரட்டினேன், எல்லாவற்றிலும் அவள் கையில் மண்வெட்டியே இருக்கிறது. நம்பாதவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

இப்போது படத்தையும் புதிதாகத் துப்புரவாக்கி வெளிநாடுகளில் காட்டப் போகிறார்களாம். இயக்குநரோடு தொலைபேசியில் கதைத்து, முடிவுக்கு என் பெயரைப் போடச் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் கேக்கேக்கை இல்லையெண்டு சொன்னது நீங்கள்தானே?"

உண்மை. அன்று நான் பொய் சொன்னேன். அதற்கு முன் வாங்கிலும் இரண்டு பொய். வாங்கில் இருந்த எல்லோரிடமும், ரீச்சரின் ஆத்மாவிடமும், இயக்குநரிடமும், சைக்கிள் கடைக்காரரிடமும்கூட, அந்த மூன்றுக்கும் இதோ எழுத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். மாவில் ஒரு சுண்டுகூட நான் பொய் செய்ததில்லை. இனி ஆலையும் இல்லை, இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் முடிவுக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது என்னுடையது.

மின்பிறப்பாக்கியை வேறு யாரும் தந்திருக்கலாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள், எனக்குக் கவலையில்லை. புத்தகத்தின் அடுத்த பதிப்பில் கடைசி மூன்று அத்தியாயத்துக்கு முன்னால், படத்தில் கதை என்ற வரிக்குக் கீழே, "முடிவு" என்று தனியாக எழுதி என் பெயரைப் போட வேண்டும். திரை முழுக்க, அன்று சொன்னபடி. எனக்குத் தலைப்பெழுத்து இரண்டு. முன்பு போட்டபோது ஒன்றை விட்டுவிட்டார்கள். இம்முறை இரண்டும் வர வேண்டும்.